மேபல் வாயைக் கட்டிய லெந்து

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

கோயிலில் தூங்கிவிட்டேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் குறட்டைச் சத்தம் முன்பெஞ்சு வரை கேட்டிருக்கிறது. எங்கள் பாதிரி ஐயர் பிரசங்கத்தைத் தொடங்கியது தெரியும். அப்புறம் கண் விழித்தபோது ஐயரம்மா பெண்கள் பக்கம் வந்து நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் செல்வரதி கையை உயர்த்தியிருந்தாள். செல்வரதி உயர்த்தினால் மேபல் உயர்த்தாமல் இருப்பாளா? உயர்த்தினேன். அவளைவிட ஒரு சாண் மேலே.

பெண்கள் பக்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. என் சிநேகிதி கனகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

வெளியே வந்து செருப்பு தேடும்போதுதான் விஷயம் தெரிந்தது. ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள் லெந்து நோன்பு முடிகிறவரை கேலி, புறணி, வேண்டாத பேச்சு இல்லாமல் நாவைக் காத்துக்கொள்ள யாரெல்லாம் பொருத்தனை பண்ணுகிறீர்கள் என்று கேட்டார்களாம். ஊரில் எல்லோரும் மீனையும் கறியையும் விட்டிருக்கிறார்கள். நான் என் வாயை விட்டிருக்கிறேன்.

ஐயரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "மேபலக்கா, நீங்க கை தூக்குவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல. எனக்குக் கண்ணு கலங்கிட்டு."

தூக்கத்தில் தூக்கினேன் என்று எப்படிச் சொல்வது?

"வாய்க்கு வாறத உடனே சொல்லாம ஒரு நோட்டுல எழுதி வைங்க. மறுநாள் வாசிச்சுப் பாருங்க. சொல்லத் தகுந்ததா இல்லியான்னு தெரிஞ்சிரும். ஞானத்தைக் கேளுங்க, கர்த்தர் தருவாரு" என்றார்கள். அதனால் உரக்கடையில் வீட்டுக்காரருக்கு இனாமாகக் கொடுத்த டைரியில் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து கோழி நடந்த மாதிரி இருக்கும்.

செல்வரதி யார் என்றால் என் ஓரகத்தி. வீட்டுக்காரருடைய தம்பி பெண்டாட்டி. பம்பாயில் இருந்துவிட்டு மூன்று வருஷத்துக்கு முன் வந்து பக்கத்து மனையில் வீடு கட்டினார்கள். நடுவில் ஒரு சுவர். அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "செல்வரதி கணக்கா பேசணும்" என்று ஊரே சொல்கிறது. தலைமுடி இந்த வயதிலும் இடுப்புக்குக் கீழே கிடக்கிறது. நரை இல்லை. சாயம் பூசுகிறாளா என்று தெரியவில்லை. இதை யாரிடமும் கேட்கவில்லை. எழுதத்தான் செய்கிறேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

இன்று சொல்லாமல் விட்டவை:

கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை வேட்டியை அழுக்குக் கறை வெளியே தெரியக் கட்டியிருந்தார்.

கனகா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆந்தை மாதிரி வந்தாள்.

வீட்டுக்காரர் வாழைத்தார் லாரிக்குப் பின்னால் "நில்லு நில்லு" என்று கத்திக்கொண்டே ஓடினார். லாரி நின்றுதான் இருந்தது.

தொண்டையில் முள் நிற்பது போல இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்காரர், "ஏய், உடம்புக்கு ஏதும் சரியில்லியா? வீடு இழவு வீடு மாதிரி இருக்கே" என்றார். பொருத்தனை என்றேன். "வருசத்துக்கு ரெண்டு லெந்து வைக்கக் கூடாதா இவுங்க?" என்றார். அவருக்கு மட்டும் பொருத்தனை இல்லை.

பியூலா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சிரிக்கவில்லை.

பியூலா என் மகள். ஒரே மகள். கோவில்பட்டியில் கட்டிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை ஸ்டான்லி அச்சாபீஸில் வேலை. பொங்கல் கழிந்து, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேம்மா" என்று வந்தாள். நல்ல பிள்ளை, ஓய்வு வேண்டாமா? வரும்போது நான் சீதனமாகக் கொடுத்த குக்கரையும் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு நாளைக்கு வருகிறவள் எதற்குக் குக்கரைத் தூக்கி வந்தாள் என்று நான் கேட்கவில்லை. என் குக்கரில் வாசர் தேய்ந்துபோயிருக்கிறது. அதை நினைத்துக் கொண்டுவந்திருப்பாள்.

மார்ச் 2, வியாழன்

மத்தியானம் சாப்பிட்டதும் பியூலா செல்வரதி வீட்டுக்குப் போய்விடுகிறாள். தினமும். அங்கே என்ன இருக்கிறது? டிவி இல்லை. ஃபேன் கடகட என்று சுற்றும். செல்வரதி வைக்கிற சாம்பாரில் பருப்பை வலை போட்டுத் தேட வேண்டும்.

இன்று கருவேப்பிலை கொடுக்கிற சாக்கில் நானும் போனேன். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஐயர் உள்ளே வந்தால் வாலிபர் சங்கத்துப் பையன்கள் நிறுத்துவார்களே, அப்படி.

"வாங்கக்கா" என்றாள் செல்வரதி.

"என்ன பேசிட்டு இருந்திய?"

"சும்மாதாங்கக்கா."

பியூலா ஜன்னலைப் பார்த்தாள். செல்வரதி எழுந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். என் மகள் இருக்கிற இடத்தில் எனக்கு விருந்தாளி மாதிரித் தண்ணீர்.

பெற்றவள் நான். பத்து மாதம் சுமந்தவள் நான். அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்தவள் நான். "சும்மாதாங்கக்கா"வாம்.

மார்ச் 5, ஞாயிறு

ஆராதனை முடிந்து செல்வரதியைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். ஒருத்தி மகனுக்கு எந்தப் படிப்பு என்று கேட்கிறாள். ஒருத்தி மாமியாரைப் பற்றி. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஏதோ ஒரு வார்த்தை சொல்கிறாள். அவர்கள் பரலோகத்திலிருந்து தந்தி வந்த மாதிரி வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

என்னைச் சுற்றியும் ஆள் நிற்கும். சிரிப்பதற்கு. அறிவு கேட்டு ஒருத்தரும் வந்தது கிடையாது. வந்தால் சொல்லத் தெரியாதா?

தெரியாதுதான். ஆனாலும் வரலாம் இல்லையா?

மார்ச் 9, வியாழன்

மாவுக்கு அரிசி ஊறப் போட்டேன். துணி துவைத்தேன். சுவருக்குப் பக்கத்தில் அண்டாவைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி முருங்கைக்காய் பறித்தேன்.

முருங்கை மரம் சுவருக்கு அந்தக் கடைசியில் இருக்கிறது என்பது உண்மைதான். இந்தப் பக்கத்திலிருந்து எட்டுமா என்று பார்த்தேன். எட்டவில்லை.

செல்வரதி வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. பியூலா அழுகிற சத்தம். என் மகள் அழுகை எனக்குத் தெரியும், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுவாள். செல்வரதி ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் ஒன்றுமே சொல்லவில்லை. அப்புறம், "அம்மாகிட்ட சொல்லேன் பியூலா" என்றாள்.

"அம்மா கேலி பண்ணிருவாவ, சித்தி."

அண்டா நசுங்கிவிட்டது. கணுக்காலில் லேசான சுளுக்கு.

நான் எப்போது என் பிள்ளையைக் கேலி பண்ணினேன்? வாய் இருக்கிறது, பேசுகிறேன். யார் மனமும் நோகப் பேசினது இல்லை. எல்லோரும் சிரிக்கத்தான் செய்வார்கள். நவம்பரில் நம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கப் போன் செய்தேன். "உடம்புக்கு முடியலம்மா" என்றாள். அப்போதுகூட அவளைச் சிரிக்க வைக்கத்தான், "என்னட்டி, ரெண்டு வருசமா ரயிலு ஒரே ஸ்டேசன்ல நிக்கி, இன்னும் சிக்னல் விழலியா?" என்று கேட்டேன். பக்கத்தில் கனகாவும் இருந்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள். பியூலாவும் சிரித்தாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் லைன் கட்டாகிவிட்டது. அந்தப் பக்கம் டவர் சரியில்லை.

மார்ச் 13, திங்கள்

ஒன்றும் எழுத வரவில்லை. வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். பியூலா தின்றாள். மிச்சத்தைச் சித்திக்கு எடுத்துக்கொண்டு போனாள். நான் பஜ்ஜி போட்டது சித்திக்கு அல்ல.

மார்ச் 18, சனி

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி தியானத்தில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பேசுவது எங்கள் கோயில் வழக்கம். ஐந்தாம் வார்த்தை இந்த வருஷம் செல்வரதிக்காம். பெண்களில் அவள் ஒருத்திதான். ஐயரே வீட்டுக்கு வந்து கேட்டாராம். நாங்கள் பதினைந்து வருஷமாகக் கோயிலுக்குப் பின்னால் கஞ்சி காய்ச்சுகிறோம். புகையில் கண் அவிந்துபோகிறது. ஐயர் வந்து கேட்பது, "கஞ்சி ஆயிட்டா?"

வீட்டுக்காரர், "நீயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார்.

"எனக்கு எந்த வார்த்தையக் குடுப்பாவ?"

"எட்டாவது" என்றார். நாலு வாரத்துக்கு முன்னால் என்றால் அவருக்கு ராத்திரிச் சோறு கிடைத்திருக்காது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். மத்தியானம் பியூலா சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது நான் கனகா வீட்டுக்குப் புறப்பட்டேன். "செல்வரதி என் மகளுக்கு என்னமோ சொல்லிக் கொடுத்து மாப்பிள்ளையிடமிருந்து பிரிக்கிறாள்" என்று சொல்லத்தான் போனேன். கனகா காதில் போட்டால் சாயங்காலத்துக்குள் சேகரத்தில் உள்ள எல்லாக் கோயிலுக்கும் போய்விடும். அப்புறம் ஐந்தாம் வார்த்தையை யார் கொடுப்பார்கள் என்று பார்க்கலாம்.

கேட் வரை போய்விட்டேன். கனகா, "வாக்கா, என்ன விசேஷம், மூஞ்சியே சரியில்லியே" என்று ஆசையாக நாற்காலி போட்டாள். வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றிற்று. மகள் ஏன் இங்கே இருக்கிறாள் என்று கனகா முதலில் கேட்பாள். அதற்கு என்ன சொல்வேன்? எனக்கே தெரியாது. தெரிந்தவள் செல்வரதி. அவள் ஒரு மாதமாக ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கனகாவுக்கு எனக்கு முன்னாலேயே வந்திருக்கும்.

"கொஞ்சம் புளி கொடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் இரண்டு பானை புளி கிடக்கிறது.

மார்ச் 26, ஞாயிறு

சம்பந்தியம்மா போன் செய்தாள். கை முழுவதும் மீன் செதில் (வீட்டுக்காரர் லெந்து இருக்கவில்லை). அதனால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன சம்பந்தி, எங்க வீட்டு விசில் சத்தத்தக் காணலியே! குக்கரத் தூக்கிட்டுப் போயிட்டா உங்க மக. ஏதாவது விசேஷம்னா அவளையும் சேத்து அனுப்புங்க. இல்லன்னா குக்கரையாவது அனுப்புங்க, அதுலயாவது ஏதாவது வேவும்!"

சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தாள். அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று பேர் சிரிக்கிற சத்தம்.

நல்ல கேலி. எடுத்த எடுப்பில், தயங்காமல், கடைசியில் திருப்பம் வைத்துச் சொன்னாள். நான் சொல்லியிருந்தாலும் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. முன்பு என்றால் நானும் சேர்ந்து சிரித்து, இன்னும் ஒன்று எடுத்துக் கொடுத்திருப்பேன்.

திரும்பினால் பியூலா வாசற்படியில் நிற்கிறாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"விளையாட்டுக்குத்தான சொல்லுதேன், சம்பந்தி" என்றாள் அவள். "அடுப்புல வேல கெடக்கு" என்று வைத்துவிட்டேன்.

மீன் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டேன் போலிருக்கிறது. வீட்டுக்காரர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

ஓலையில் சிலுவை செய்தோம். செல்வரதி செய்தது ஆணி அடித்த மாதிரி நேராக நின்றது. நான் செய்தது கரப்பான் பூச்சி மாதிரி இருந்தது. பியூலா இரண்டையும் வாங்கிக்கொண்டாள். என்னுடையதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். செல்வரதியுடையதை எங்கே வைத்தாள் என்று தேடிப் பார்த்தேன். அவள் வேதப்புத்தகத்துக்குள் இருந்தது.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

கோயிலுக்குப் பின்னால் விடிந்ததுமே அடுப்பு மூட்டிவிட்டோம். நான் கஞ்சி அண்டா, கனகா விறகு, மற்றவர்கள் தேங்காய், துவையல். பியூலா எனக்குத் துணையாக வந்தாள். கூப்பிடவில்லை, அவளாகவே வந்தாள். ஓரத்தில் உட்கார்ந்து தேங்காய் கீறிக்கொண்டிருந்தாள்.

கனகாவுக்குப் பொறுக்குமா?

"என்ன பியூலா, கோவில்பட்டிக்குப் போற பஸ்ஸெல்லாம் நிப்பாட்டிட்டாவளா? பொங்கலுக்கு வந்தவ ஈஸ்டர் ஆகப் போவுது. ஏதும் விசேஷமாட்டி? வாந்தி கீந்தி உண்டுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளை இல்லை, என்னை. இந்த இடத்தில் மேபல் ஒன்று சொல்வாள், எல்லோரும் சிரிப்பார்கள், வேலை லேசாகும். வருஷா வருஷம் அப்படித்தான். எனக்கும் வந்தது. நாக்கு நுனியில் வரிசையாக நின்றன, ஒன்றை விட ஒன்று நன்றாக. ஒன்றுகூட இங்கே எழுத மாட்டேன்.

பியூலாவும் என்னைப் பார்த்தாள். தேங்காய்க் கீற்று கையில் அப்படியே இருக்கிறது. தோள் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். சின்ன வயதில் ஊசி போடும்போது இப்படித்தான் இழுத்துக்கொள்வாள். அப்போது கண்ணை மூடிக்கொண்டு என் மடியில் முகத்தை வைப்பாள். இன்று ஊசி என் கையில் இருப்பது போலப் பார்த்தாள்.

"பெத்த வீடும் அவ வீடுதான். அவளுக்கு எவ்வளவு நாள் இருக்கணுமோ இருப்பா" என்றேன். "நீ அடுப்பப் பாரு கனகா, அடி பிடிக்கி."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அடி பிடிக்கவும் இல்லை. கனகா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சும்மாதான கேட்டேன்" என்று விறகைத் தள்ளினாள்.

செல்வரதி ஐந்தாம் வார்த்தையை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டாளாம். கரண்ட் போய் ஃபேன் நின்றிருந்ததால் எல்லோருக்கும் அவள் மேல் இன்னும் பிரியம் கூடிவிட்டது. முந்தினவர் அரை மணி நேரம் எடுத்திருக்கிறார். அவள் பேசினதை நான் கேட்கவில்லை, கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். கஞ்சி நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். செல்வரதியும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தபோது பியூலா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் தலையில் நான் கை வைத்ததில்லை. எண்ணெய் தேய்க்கத் தேய்க்க, முகத்தைக் காட்டாமல் சொன்னாள்.

பிள்ளை உண்டாகியிருந்திருக்கிறது. மூன்றாம் மாதம். கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே மாமியார் பக்கத்து வீட்டுக்காரிகளை உட்கார வைத்துக்கொண்டு, "எங்க மருமவ பிஞ்சுலயே உதுத்துட்டா, கொல்லையில மாமரம் கூட இவ்வளவு அவசரப்படல" என்று சொன்னாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். ஸ்டான்லியும் சிரித்தானாம்.

"அவுங்களுக்கு நான் அழுதா கோவம் வரும்மா. விளையாட்டுக்குச் சொன்னா தாங்க மாட்டியாம்பாவ. அதனால நானும் சிரிச்சேன்."

"எப்போட்டி?" என்றேன்.

"நம்ம பிரதிஷ்டைப் பண்டிக அன்னைக்கு."

நான் போனில் சிக்னல் விழலியா என்று கேட்டது அன்றைக்குத்தான். கிண்ணத்தில் மறுபடி எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன்.

ஞானத்தைக் கேள் என்றார்கள் ஐயரம்மா. கேட்டேன், அந்த நிமிஷமே, எண்ணெய்க் கையோடு. ஒரு வார்த்தையும் வரவில்லை. அதனால் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய் தீர்ந்துபோயும் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். அப்புறம் என் முழங்கால் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

டவர் சரியில்லை என்று முன்னால் எழுதியிருக்கிறேன். அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை. கிடக்கட்டும்.

ஏப்ரல் 8, சனி

காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் செல்வரதி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நசுங்கிய அண்டாவைத் திரும்பக் கவிழ்த்து ஏறினேன். அவள் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. முன்னாலும் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. சொன்னதில்லை.

"பியூலா சொல்லிட்டா" என்றேன்.

"நல்லதுக்கா."

"இத்தன நாளும் நீ அவளுக்கு என்ன புத்தி சொன்ன?"

கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். "ஒண்ணும் சொல்லலக்கா. எனக்கு என்ன சொல்லணும்னே தெரியல. ஏதாவது தப்பாச் சொல்லிருவேனோன்னு பயம். அதான் வாய மூடிட்டு இருந்தேன். நீங்கன்னா எப்படியாவது அவளச் சிரிக்க வச்சிருப்பீங்கன்னு தினமும் நினைப்பேன்."

இதைத்தான் ஊர் ஞானம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பயம்! என் பொறாமை இதோடு குறைந்திருக்க வேண்டும். கூடித்தான் போயிற்று. நான் நாற்பது நாள் பல்லைக் கடித்து, தொண்டையில் முள் வைத்து, அண்டாவை நசுக்கிச் செய்ததை அவள் துணி காயப் போடுகிற மாதிரிச் செய்கிறாள்.

மத்தியானம் மாப்பிள்ளை வந்தான். பியூலாதான் வரச் சொல்லியிருக்கிறாள். மீசையை என்னவோ பண்ணியிருக்கிறான், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசி நாள் அல்லவா, கர்த்தர் சோதிக்கிறார்.

"அம்மா மனசுல ஒண்ணும் கிடையாது, அத்த. விளையாட்டாத்தான் சொல்லுவாங்க" என்றான்.

"உங்க அம்மாவ விடப் பெரிய வாயாடி நான், மாப்ள" என்றேன். "எனக்குத் தெரியும், நிப்பாட்டுறது கஷ்டம். ஆனா நிப்பாட்டலாம். அது அவிய பாடு. நீங்க சிரிச்சீங்களே, அத மட்டும் இவகிட்ட பேசுங்க."

எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். காதை வைத்துக் கேட்கவில்லை. பாத்திரத்தைச் சத்தமாகத் தேய்த்தேன், கேட்கக் கூடாது என்று. ரொம்ப நேரம் கழித்து பியூலா வந்து சொன்னாள். அச்சாபீஸுக்குப் பக்கத்தில் தனி வீடு பார்த்த பிறகு வந்து கூப்பிடுவானாம். அதுவரை இங்கேதான். அவன் சொல்லவில்லை, அவள் சொல்லி அவன் சரி என்றானாம். அவன் கண் சிவந்திருந்தது. முறுக்கு கட்டிக் கொடுத்தேன்.

குக்கர் இங்கேதான் இருக்கிறது.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

இருட்டோடு எழுந்து கோயிலுக்குப் போனோம். எங்கள் ஊரில் ஈஸ்டர் ஆராதனைக்கு முன்னால் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு, கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் பாடிக்கொண்டே வருவோம். வாசலிலேயே கனகா பிடித்துக்கொண்டாள்.

"மேபலக்கா, லெந்து முடிஞ்சிட்டு. அவுத்து விடுங்க! இத்தன நாளும் சேத்து வச்சிருப்பியளே."

சேர்த்துத்தான் வைத்திருந்தேன். டைரி நிறைய இருக்கிறது. கோயில்பிள்ளை, கனகாவின் கண்ணாடி, வீட்டுக்காரரின் லாரி, மாப்பிள்ளையின் மீசை, எல்லாம். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பியூலா என் பக்கத்தில் நின்றாள். இந்தத் தடவை தோளை இழுத்துக்கொள்ளவில்லை, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் லாரிக்குப் பின்னால் ஓடிய கதையை மட்டும் சொன்னேன். அவர் என் வீட்டுக்காரர், அவரைச் சொல்லலாம். அவரும் சிரித்தார். பொங்கலுக்கு அப்புறம் முதல் தடவையாக பியூலா பல் தெரியச் சிரித்தாள். எனக்குப் பக்கத்தில் நின்று சிரித்தாள், சுவருக்கு அந்தப் பக்கத்தில் இல்லை. மெழுகுவர்த்தியோடு எல்லோரும் புறப்பட்ட பிறகும் நான் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். முன்னால் பார்க்கவில்லை.

முன்னால் செல்வரதி போய்க்கொண்டிருந்தாள். என் மெழுகுவர்த்தி அவள் பின்னல் நுனியில் பட்டுவிட்டது. புகை வந்தது. கோயில்பிள்ளை தண்ணீர் ஊற்றினார். வேண்டுமென்று செய்யவில்லை. ஒருத்தரும் நம்பவில்லை. நாலு விரல் அளவு கருகிவிட்டது. கனகா கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டி நேராக்கினாள். செல்வரதி, "பரவாயில்லக்கா" என்றாள், மெதுவாகத்தான்.

பின்னல் இன்னும் இடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது.